டீச்சர் சொல்லணுமா, வேண்டாமா?

அக்கா: தாடையை ஆட்டாதே. நேரா பாரு. இதுல தெளிவா இருக்கா... இதுலயா?

தங்கை: ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு. அக்கா, என் கண்ணுக்கு ஒண்ணும் இல்லை. உன்னை வெளியில கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். எத்தனை தடவை சொல்றது?

அக்கா: கண்ணாடிக் கடைக்கு வந்துட்டுக் கண்ணைக் காட்டாமப் போவாங்களா? தலைவலி, தலைவலின்னு போன்ல உயிரை எடுத்தே. உட்காரு. இதுவா... இதுவா?

தங்கை: ரெண்டாவது. இல்லை இல்லை, முதல்ல போட்டது.

அக்கா: ஒரு முடிவா சொல்லு.

தங்கை: மாமா எங்கே போயிருக்காரு?

அக்கா: லென்ஸ் எடுக்க. மொத்தக் கடைக்காரன் நாலு நாளா இழுத்தடிக்கிறான், இன்னிக்கு நேர்ல போய் நிக்கிறாரு. ஏன், மாமாகிட்ட ஏதாவது பேசணுமா?

தங்கை: இல்லையே. சும்மா கேட்டேன். எப்போ வருவாரு?

அக்கா: ஆறரைக்குள்ள வந்துடுவாரு. ஆறரைக்கு அவருக்கு அந்த ஸ்டூல், அந்த டீவி. வானமே இடிஞ்சு விழுந்தாலும் ஏழு மணிக்கு அப்புறம்தான் எழுந்திருப்பாரு.

தங்கை: மாமாவா? சீரியலா? நியூஸ் தவிர வேற எதுவும் பார்க்க மாட்டாரே!

அக்கா: அது அந்தக் காலம். மேல் வரிசையைப் படி.

தங்கை: ட... ப... ம... அக்கா, இப்பவே கிளம்பினா மழைக்கு முன்னாடி போயிடலாம். துணிக்கடைக்குப் போவோம். நான் வாங்கித் தர்றேன்.

அக்கா: நீ? எனக்கா? பொறந்ததுல இருந்து என் துணியை எடுத்துப் போட்டுக்கிட்டவ நீ. அடுத்த வரிசை.

தங்கை: கடையைச் சீக்கிரம் மூடினா என்ன? யாரும் வரக் காணோமே.

அக்கா: ஆறரைக்குப் பாரு, கூட்டத்தை. காத்திருக்கிறவங்களுக்குப் பொழுது போகட்டும்னு இந்த டீவியை மாட்டினோம். இப்போ கண்ணாடி வாங்க வர்றாங்களா, சீரியலுக்குத் தீர்ப்பு சொல்ல வர்றாங்களான்னே தெரியலை. அந்த ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் இருக்காரே, அவருக்குக் கண்ணாடியில ஒரு குறையும் கிடையாது. தினம் வந்து 'மூக்குல அழுத்துதும்மா'ங்கிறாரு. உட்கார்ந்துடறாரு.

தங்கை: அவர் என்ன சொல்றாரு... சீரியலைப் பத்தி?

அக்கா: அவருக்குப் பழசுதான் உசத்தி. அந்தக் கலங்கரை விளக்கக் குடும்பம் வந்துச்சே, செவ்வாய்க்கிழமை ராத்திரி, நாம கூட எதிர் வீட்டு ஜன்னல்ல தொங்கிக்கிட்டுப் பார்ப்போமே... அது பதிமூணே வாரம். முடிஞ்சுது. இன்னிக்கு வரைக்கும் அவர் அந்த கிளைமாக்ஸைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துறாரு.

தங்கை: நல்ல சீரியல்தான். ஆனா ஆமை வேகம். ஒருத்தன் படி ஏறினா ஏறிக்கிட்டே இருப்பான்.

அக்கா: இப்போ மட்டும் என்னவாம்? ஒருத்திக்கு ஒரு அறை விழுது. அதையே மூணு தரம் காட்டுறாங்க. அப்புறம் மாமியார் மூஞ்சி, நாத்தனார் மூஞ்சி, வேலைக்காரி மூஞ்சி. அதுக்குள்ள நான் ஒரு பிரேமுக்கு ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ மாட்டிடறேன்.

தங்கை: அதெல்லாம் எடிட்டிங்ல பண்றது. எழுதுறவங்க தலையில போடாதே. வாரத்துக்கு ஆறு எபிசோட் குடுக்கணும். காலையில ஷூட்டிங்னா முந்தின நாள் சாயங்காலம் வந்து கதையை மாத்துன்னு நிப்பாங்க. நடிகைக்கு ஜுரம்னா அவளைக் கோமாவுல போடணும்...

அக்கா: உனக்கு எப்படித் தெரியும்?

தங்கை: எங்கேயோ... படிச்சேன்.

அக்கா: டிராவல்ஸ் ஆபீஸ்ல டிக்கெட் போடறவளுக்கு நல்ல ஞானம்தான். அசையாதே. இடது கண்ணை மூடறேன். இப்போ இதுவா... இதுவா?

தங்கை: இது.

அக்கா: ஆறரை மணி சீரியல் நீ பார்க்கிறியா?

தங்கை: எப்பவாவது.

அக்கா: அந்த டீச்சர் கதை.

தங்கை: ம்.

அக்கா: எப்படி இருக்கு, உன் அபிப்பிராயம்?

தங்கை: பரவாயில்லை.

அக்கா: இவ்வளவுதானா? ஊரே அதைத்தான் பேசுது. டீச்சர் உண்மையைச் சொல்லணுமா வேண்டாமான்னு சேனல்காரன் ஓட்டு கேட்கிறான். சொல்லணும்னா ஒண்ணு, வேண்டாம்னா ரெண்டு, மெசேஜ் போடணுமாம். நீ போட்டியா?

தங்கை: இல்லைக்கா. இந்த டெஸ்ட் பிரேமைக் கழட்டேன், மூக்கு வலிக்குது.

அக்கா: இன்னும் முடியலை. பேங்க்ல வேலை பார்க்கிற ஒரு பொண்ணு வருவா, அவ சொன்னா, 'டீச்சர் பண்ணதுல என்ன தப்பு? போகணும்னு நினைச்சா, போகலை. நினைக்கிறதுக்கெல்லாம் கணக்கு சொல்லணுமா?' நியாயமாத்தானே இருக்கு?

தங்கை: ஆமா, நியாயம்தான்.

அக்கா: இன்னொரு அம்மா. பைஃபோகல் போட வந்தாங்க. ஸ்டூல்ல உட்கார்ந்துக்கிட்டு டீவியைப் பார்த்து, 'இவ ஓடுகாலிதான். அவன் வராததால திரும்பி வந்தா. வந்திருந்தா போயிருப்பா இல்லை?'ன்னாங்க. அப்போ நான் அவங்க காதுக்குப் பின்னாடி பிரேமை வளைச்சு விட்டுக்கிட்டு இருந்தேன். இந்தக் கையால. 'சரியா இருக்காம்மா, எங்கேயாவது அழுத்துதா'ன்னு கேட்டேன்.

தங்கை: அக்கா...

அக்கா: ம், சொல்லு. இதுவா, இதுவா?

தங்கை: போதும்க்கா.

அக்கா: பஸ் ஸ்டாண்டுல டீச்சர் உட்கார்ந்திருக்கா. மடியில பை. கண்டக்டர் 'ஏறலையாம்மா'ன்னு கேட்கிறான். அடுத்ததுல வர்றேன்ங்கிறா. மறுபடியும் அடுத்தது, மறுபடியும் அடுத்தது. பதினோரு பஸ். பத்து இல்லை, பன்னிரண்டு இல்லை. கரெக்டா பதினோரு பஸ்ஸை விட்டுட்டு எழுந்து, வீட்டுக்குப் போய், முகம் கழுவி, உலையில அரிசி போடறா. அந்த எபிசோட் அன்னிக்கு என் கையில ஒருத்தரோட புதுக் கண்ணாடி இருந்துச்சு. கீழே போட்டு உடைச்சேன். கடை வெச்ச பத்து வருஷத்துல முதல் தடவை.

தங்கை: அக்கா, மணியாகுது. கிளம்பலாம்.

அக்கா: அந்தப் பதினோரு பஸ்ஸை நான் ஒருத்திகிட்டதான் சொன்னேன். மொட்டை மாடியில. அவ என் மடியில படுத்துக்கிட்டு 'சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா'ன்னா.

தங்கை: யார்கிட்டயும் சொல்லலை.

அக்கா: ஆமா. யார்கிட்டயும் சொல்லலை. ஊருக்கே எழுதிட்டே.

தங்கை: எப்போ இருந்து தெரியும் உனக்கு?

அக்கா: மூணு வாரமா. கடைசியில பேர் ஓடுதே, வசனம்னு ஏதோ ஒரு ஆம்பளைப் பேர்... நீதானே?

தங்கை: நான்தான்.

அக்கா: டிராவல்ஸ் ஆபீஸ்?

தங்கை: விட்டு ரெண்டு வருஷமாச்சு. அப்பாவுக்குத் தெரிஞ்சா குதிப்பாருன்னு சொல்லலை. அக்கா, இதைக் கழட்டு, உன் மூஞ்சி எனக்கு நாலா தெரியுது.

அக்கா: தெரியட்டும். ஏன்டி பண்ணே?

தங்கை: ரேட்டிங் விழுந்துடுச்சு. டைரக்டர் காலையில கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள்ள டீச்சருக்கு ஒரு ரகசியம் வேணும், இல்லைன்னா ஆளை மாத்திடுவேன்னாரு. எனக்கு ஒண்ணுமே தோணலை. உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். கை தானா எழுதிடுச்சு. எழுதிப் பார்த்தா... அதுதான் நான் எழுதினதுலயே நல்ல சீன். எல்லாரும் அழுதாங்க, செட்டுல.

அக்கா: அழுவாங்க. நானும்தான் அழுதேன், அன்னிக்கு. யாரும் கை தட்டலை.

தங்கை: ஊர் பேர் மாத்தினேன், வேலையை மாத்தினேன். பஸ் எண்ணிக்கையையும் மாத்தியிருக்கலாம். மாத்தினா பொய் மாதிரி இருந்துச்சு.

அக்கா: பொய் மாதிரி இருந்துச்சாம்! உன் மாமா தினம் ஆறரைக்கு அந்த ஸ்டூல்ல உட்கார்றாரு. நான் இங்கே நின்னுக்கிட்டு அவர் பிடரியைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். இருமினா திக்குங்குது. திரும்பினா திக்குங்குது. விளம்பரம் வந்தா கையைக் காலை உதறிட்டு, டீ போடறியாங்கிறாரு. ஒரு வார்த்தை பேசலை. ஒரு அபிப்பிராயம் கிடையாது. கடையில ஆளாளுக்குக் கத்துவாங்க, இவர் மட்டும் வாயைத் திறக்க மாட்டாரு.

தங்கை: அவருக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. தெரிய வழியே இல்லை. மணி என்ன?

அக்கா: ஆறு பத்து. ஏன், உனக்கு ஏன் அப்படி வேர்க்குது? இன்னிக்கு என்ன வரப்போகுது?

தங்கை: அதுக்குத்தான்க்கா உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்.

அக்கா: என்ன எழுதியிருக்கே?

தங்கை: நான் வேற மாதிரிதான் எழுதினேன். மாத்திட்டாங்க.

அக்கா: என்னடி எழுதியிருக்கே?

தங்கை: டீச்சர் சொல்லிடறா. எல்லாத்தையும். புருஷன் கேட்டுக்கிட்டு எழுந்து... அவ பையைத் தூக்கித் தெருவுல எறியறான். கதவைச் சாத்திடறான். மழையில நிக்கிறா.

அக்கா: இதை நான் அவர் பக்கத்துல நின்னு பார்க்கணும்.

தங்கை: வேண்டாம்னுதான் சொல்றேன். டீவியைப் பிடுங்கி வை. கேபிள் வரலைன்னு சொல்லு. நாளைக்கு எப்படியாவது கதையைத் திருப்பிடறேன், கனவுன்னு காட்டிடறேன்...

அக்கா: இன்னிக்கு நானே சொல்லிடலாம்னு இருந்தேன். ஆறரைக்கு முன்னாடி. காலையில இருந்து மூணு தடவை வாயைத் திறந்தேன். மூணு தடவையும் யாராவது பிரேம் பார்க்க வந்துட்டாங்க.

தங்கை: பைத்தியமா உனக்கு? பன்னிரண்டு வருஷம் நல்லா இருந்துட்டு...

அக்கா: நல்லாதான் இருந்தேன். அதான் வலிக்குது. எனக்கு அவனோட மூஞ்சி கூட இப்போ ஞாபகம் இல்லை. வராமப் போனானே, அவனோட மூஞ்சி. இவரோட மூஞ்சிதான்... வாசல்ல வண்டிச் சத்தம். வந்துட்டாரு. கண்ணைத் துடை.

மாமா: அடேயப்பா, வாயாடி வந்திருக்கா! அதான் மழை இருட்டிக்கிட்டு வருது, கூட்டத்தையும் காணோம். என்னம்மா, கண்ணு பூத்துப்போச்சா?

தங்கை: ஆமா மாமா. கொஞ்சம்... பவர் ஏறியிருக்காம்.

மாமா: அழுத மாதிரி இருக்கே. உங்க அக்கா அந்தக் கருவியை மாட்டினா யானை கூட அழும். இந்தா, லென்ஸ். ரெண்டு கம்மியா குடுத்திருக்கான் படுபாவி, திங்கட்கிழமை வரச் சொல்றான். ரிமோட் எங்கே?

அக்கா: கேபிள் வரலைங்க.

மாமா: எப்போ இருந்து?

அக்கா: மத்தியானத்துல இருந்து.

மாமா: பக்கத்துக் கடையில ஓடுதே. ஸ்விட்சே போடலை நீ. நகரு.

தங்கை: மாமா, வாங்க, மூணு பேரும் வெளியில போய் டீ குடிப்போம். நான் வந்ததே...

மாமா: ஏழு மணிக்குப் போவோம். இன்னிக்கு ஓட்டு முடிவு சொல்றானே.

அக்கா: நீங்க ஓட்டுப் போட்டீங்களா?

மாமா: போட்டேன்.

தங்கை: நீங்களா! எதுக்குப் போட்டீங்க மாமா? ஒண்ணா, ரெண்டா?

மாமா: ரெண்டு. சொல்ல வேண்டாம்னு.

அக்கா: ஏன்?

மாமா: ஏன்னா... விளம்பரம் ஓடுதே, சத்தத்தைக் குறைக்கிறேன், இரு. அந்த டீச்சர் சொன்னா அவ புருஷனும் சொல்ல வேண்டி வருமே. அவனுக்கு அந்த தைரியம் கிடையாது.

தங்கை: அவன் என்ன சொல்லணும் மாமா? அவனுக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே.

மாமா: இதான் எனக்குப் பிடிக்காதது. மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்காங்க, குறை சொல்ல முடியாது. புருஷனை மட்டும் மண்ணு மாதிரி காட்டுறாங்க. மூணு வாரமா நானும் பார்க்கிறேன், ஒரு ஆள் வருவான் வருவான்னு. வரவே இல்லை.

தங்கை: யாரு? பஸ் ஸ்டாண்டுக்கு வராமப் போனானே, அவனா?

மாமா: அவனை யாரு கேட்டா? எதிர்ல மருந்துக் கடை வாசல்ல நின்னவன்.

தங்கை: அந்த சீன்ல அப்படி யாரும் கிடையாதே மாமா.

மாமா: அதைத்தாம்மா சொல்றேன். எழுதினவளுக்கும் தெரியலை. எழுதினவகிட்ட சொன்னவளுக்கும் தெரியலை.

அக்கா: என்னங்க...

மாமா: நிக்காதே. உட்காரு, இந்த ஸ்டூல்ல. கை ஏன் இப்படி ஜில்லுனு இருக்கு?

அக்கா: நீங்க... எப்படி...

மாமா: கடை வைக்கிறதுக்கு முன்னாடி, கம்பெனி வேலையா அந்த பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். பையோட உட்கார்ந்திருந்தே. முதல்ல கூப்பிடலாம்னுதான் சாலையைக் கடந்தேன். பாதியில உன் மூஞ்சியைப் பார்த்தேன், திரும்பிட்டேன். பஸ் ஏறினா கூப்பிடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஒவ்வொரு பஸ்ஸும் நகர்றப்போ, அது மறைச்ச இடத்துல நீ இருப்பியான்னு பார்ப்பேன். இருந்தே.

தங்கை: மாமா, அப்புறம் ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை...

மாமா: நீ எழுந்து வீட்டுப் பக்கம் நடந்தே. நீ முகம் கழுவி முடிக்கட்டும்னு நான் நாலு தெரு சும்மா சுத்திட்டு, தினமும் வர்ற நேரத்துக்கு வந்து பெல் அடிச்சேன். கதவைத் திறந்தே. 'என்ன, மூஞ்சி இப்படி வாடியிருக்கு, ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா'ன்னு கேட்டே. நான் ஆமான்னேன்.