அடி அண்ணாமலையிலிருந்து சுனந்தா

…கொதிக்கிற கொழம்ப அப்படியே எறக்கி வெச்சுட்டு ஓடியாரேன் அப்பாசாமிண்ணே! காலப் பாருங்க, ஒரு செருப்பு என்னுது, ஒரு செருப்பு அவருது. தேரடி வீதி முச்சூடும் பாத்து சிரிக்குது. சிரிக்கட்டும். எல்லாம் கதை எழுதற மனுசனக் கட்டிக்கினதால வந்த பேஜாரு. அவரு வந்தாரா இங்க? இருங்க, இருங்க, நானே சொல்றேன், வந்திருக்க மாட்டாரு. தீபத்துக்குப் பத்து நாளுதான் இருக்குது, பஸ் ஸ்டாண்டுல ஸ்பெஷல் வண்டி வேற வுடறாங்க. டைம்கீப்பரு இல்லாம ஒரு வண்டி நவுருமா? டூட்டி முடிஞ்சுதான் இந்தப் பக்கம் வருவாரு. அப்பாடா, முந்திக்கினேன்!

இன்னாண்ணே சீட்டு அது, மூஞ்சிக்கு நேரா நீட்டறீங்க? யாரு வூட்டு சாமானோ, அத்த கீழ வைங்க. நான் சொல்ல வந்தத சொல்லிடறேன். எங்க வூட்டுக்காரரு வருவாரு. மாச சாமான் சீட்டு குடுப்பாரு. குடுத்துட்டு, சட்டப் பையிலேர்ந்து ஒரு போஸ்ட் கார்டு எடுப்பாரு. 'பாத்தீங்களா அப்பாசாமி, நம்ம வாசகி!'ம்பாரு. நீங்க 'அடேங்கப்பா'ன்னு சொல்லணும். அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது. ஏன்னு கேக்காதீங்க… கேட்டுட்டீங்களா? சரி, சொல்றேன். நீங்க அந்த அம்மாவுக்கு மொளகாய நிறுத்துக்கினே கேளுங்க.

இவரு இதுவரைக்கும் ஒம்பது கதை எழுதியிருக்காரு. மெட்ராஸ்ல ஒரு வாரப் பத்திரிகையில போடறாங்க. எனக்கும் மொதல்ல பெருமையாதான் இருந்துச்சு. ஆனா பாருங்க, கதைக்குக் கதை பொண்டாட்டி செத்துடறா! மொத கதையில காமாலை. ரெண்டாவதுல கெணறு. மூணாவதுல பாம்பு. நாலாவதுல ஒரு நோயும் இல்ல, நொடியும் இல்ல, நல்லா குந்திக்கினு கீரை ஆஞ்சிக்கினு இருந்தவ, அடுத்த வரியில பொணம்! புருசன்காரன் மட்டும் ஜன்னல் கம்பியப் புடிச்சிக்கினு மழையப் பாத்துக்கினு நிப்பான். எல்லாக் கதையிலயும் அதே ஜன்னலு, அதே மழ. நம்ம ஊருல எத்தினி மழ பேயுதுன்னு உங்களுக்குத் தெரியாதா? மொத ஏழு கதையில ஏழு பொணம்! பக்கத்து வூட்டு சந்திரம்மாள் என்னத் தனியாக் கூப்ட்டு, 'ஏங்க்கா, வூட்டுல ஒண்ணும் பிரச்சின இல்லியே?'ன்னு கேக்கறா. நான் இன்னான்னு சொல்றது?

அது போவட்டும். கதை வந்தா கடுதாசி வரணுமாம். யாராச்சும் படிச்சிட்டு ரெண்டு வரி எழுதிப் போட்டா, பத்திரிகைக்காரங்க அத்த ஒரு கவர்ல வெச்சு இவருக்கு அனுப்புவாங்களாம். போஸ்ட்மேன் சடையன் தெருமொனையில சைக்கிள் மணி அடிச்சாப் போதும், சாப்புடற கையோட வாசலுக்கு ஓடுவாரு. கல்யாணப் பத்திரிகை இருக்கும். கருமாதிப் பத்திரிகை இருக்கும். சொசைட்டி நோட்டீசு இருக்கும். வாசகர் கடுதாசி மட்டும் இருக்காது. ஏழு கதைக்கு ஒண்ணுகூட வரலண்ணே! ஒரு நாளு அப்படியே சோத்துல கைய வெச்சிக்கினு சொல்றாரு, 'நல்லா இல்லன்னாவது ஒருத்தன் எழுதக் கூடாதா வேதா? கெணத்துல கல்லப் போட்டாக்கூட சத்தம் வருது, எனக்கு அதுகூட வரல'ன்னு. பேனாவ அய்யங்குளத்துல வீசிடறேன்னு கெளம்பிட்டாரு. அன்னிக்கி நானும் சாப்புடல.

அப்பதான் வந்து சேந்தா அந்த சுனந்தா. அடி அண்ணாமலை சுனந்தா! ஒரே ஒரு கார்டு. இன்னா எழுதியிருந்தான்னு கேளுங்க, எனக்கு மனப்பாடம். 'ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். தங்கள் கதைகளில் மனைவிமார் ஏன் ஒருவர் விடாமல் இறக்கிறார்கள்? கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு என்ன வந்தது? அவளை ஒரு வார்த்தையாவது பேச விட்டீர்களா? கணவன் சன்னல் ஓரம் நிற்கையில் அடுப்பில் கொதித்ததை யார் இறக்கி வைத்தார்கள்?' திட்டுதான இது? சுத்தமான திட்டு! மனுசன் ஒடிஞ்சு போயிடுவாருன்னு பயந்துக்கினு கதவோரமா நிக்கறேன். ஐயய்யோ, குதிக்கறாருண்ணே! 'வேதா, ஒருத்தி படிச்சிருக்கா! கடசி வரி வரைக்கும் படிச்சிருக்கா! கீரைய ஞாபகம் வெச்சிருக்கா!'ன்னு கூடத்துக்கும் சமையக்கட்டுக்கும் ஓடறாரு. பௌர்ணமியும் இல்ல, ஒண்ணும் இல்ல, பட்டப்பகல், மண்டையப் பொளக்கற வெயிலு, அப்படியே கெளம்பிப் போயி மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துதான் தண்ணி குடிச்சாரு.

அன்னியிலேர்ந்து அந்தக் கார்டு சட்டப் பையில. சட்ட மாறும், கார்டு மாறாது. கண்டக்டருங்களுக்குக் காட்டியாச்சு, டிரைவருங்களுக்குக் காட்டியாச்சு, பஸ் ஸ்டாண்டுல வேர்க்கடல விக்கிற, மண்ணாங்கட்டின்னு பேரு வெச்ச ஆளுக்கு எழுத்தே தெரியாது, அவனுக்குப் படிச்சே காட்டியாச்சு. போளூர் வண்டி கா மணி நேரம் லேட்டாப் போச்சாம், ஏன்னா டிரைவருக்கு அந்தக் கீரை வரிய வெளக்கிக்கினு இருந்தாராம். அப்புறம் எட்டாவது கதை எழுதனாரு பாருங்க… பொண்டாட்டி உசுரோட இருக்கா! வாயத் தெறந்து பேசறா! கடசியில அவதான் ஜன்னலாண்ட நிக்கிறா, அவன் போயி கொழம்ப எறக்கறான்! அதுக்கு சுனந்தா இன்னொரு கார்டு போட்டா, 'இப்போது தேவலை. ஆனால் புளி கரைக்க மறந்துவிட்டான்'னு. அதுக்கும் ஒரே ஆட்டம்.

இதுல என் வயித்தெரிச்சல் எங்க தெரியுமாண்ணே? நானும் பக்கத்துல குந்திக்கினு, 'இந்தக் கதை நல்லா இருக்குதுங்க'ன்னு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்கு, 'உனக்கு அதெல்லாம் புரியாது வேதா, சுனந்தா மாதிரி படிக்கத் தெரியணும்'ங்கறாரு! எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அந்த சுனந்தா மட்டும் எதிர்ல வந்திருந்தா கொண்டையப் புடிச்சு ஆட்டியிருப்பேன். ஆனா எப்படி ஆட்டறது? ஆட்ட முடியாதுண்ணே. ஏன்னா…

அந்த அம்மா போயிட்டாங்களா? கொஞ்சம் கிட்ட வாங்க. சுனந்தா நான்தான்.

சிரிக்காதீங்க! உங்க கடையிலதான அந்தக் கார்டயே வாங்கனேன். யாருக்கும்மான்னு கேட்டீங்க, ஆரணியில அக்காவுக்குன்னு சொன்னேன். பொய்யி. அருமை, அற்புதம்னு நாலு வரி எழுதிப் போட்டா மனுசன் சந்தோசமா ரெண்டு வாய் சாப்புடுவாரேன்னுதான் குந்தனேன். சரி, எழுதறதுக்கு முன்ன ஒரு தடவ படிப்போமேன்னு ஏழையும் ஒண்ணா எடுத்துப் படிச்சேனா… தாங்கல! பேனா தன்னால ஓடிச்சு. பேரு மட்டும் என்கூட படிச்ச ஜெயினருங்க வூட்டுப் பொண்ணு பேரு, அது கல்யாணம் ஆயி எங்கயோ போயிடுச்சு. பௌர்ணமிக்கு ரெண்டு பேரும் மலை சுத்தப் போனோம். அடி அண்ணாமலை கோயிலாண்ட இவரு கண்ண மூடிக்கினு நிக்கறாரு, நான் நைசா பின்னால போயி தபால் பொட்டியில போட்டுட்டு வந்து, பக்கத்துல நின்னு கன்னத்துல போட்டுக்கினேன். சாமி மன்னிச்சிடும். இவரு?

ஞாயித்துக்கெழம ஆனா சைக்கிள எடுத்துக்கினு அடி அண்ணாமலைக்குப் போயி, வூடு வூடா 'இங்க சுனந்தா யாருங்க?'ன்னு கேட்டுக்கினு இருந்தாரு. ஒரு பெரியவரு தடியவே தூக்கிட்டாராம். நல்லவேள, ரெண்டு மாசமா அது நின்னு போச்சு. அலுத்துட்டாரு போல. இப்ப வூட்டோட இருக்காரு, நான் சொல்லாமலே சாமான் சீட்டக் கேட்டு வாங்கிக்கினு கெளம்பறாரு. முன்னயெல்லாம் பத்து தடவ கத்தணும்.

அந்த சீட்டுதாண்ணே வெனையே! இந்த ஊருல பதினோரு வருசமா என் கையெழுத்தப் படிக்கிற ஒரே ஆளு நீங்கதான். தாலி கட்டன மனுசன் மாசா மாசம் மடிச்ச சீட்ட மடிச்சபடியே கொண்டாந்து குடுத்தாரே ஒழிய, பிரிச்சுப் பாத்ததில்ல. காலையில சீட்ட எடுத்து அந்தக் கார்டு இருக்கற பையிலயே சொருகிக்கினு போனாரு. இத்தினி நாளா தோணாதது, தாளிக்கும்போதுதான் எனக்கு சுரீர்னுச்சு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா நீங்க ஒரு நொடியில சொல்லிடுவீங்களே, 'இது உங்க வூட்டம்மா எழுத்தாச்சே'ன்னு! சொல்லிட்டா இன்னா ஆவறது? ஒலகத்துலயே தன் கதையப் படிச்சது ஒரே ஆளு, அதுவும் கட்டன பொண்டாட்டின்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்குவாராண்ணே? அப்புறம் பேனா நெசமாவே அய்யங்குளத்துலதான். எனக்கு பயமா இருக்குது. உங்க கால்ல வேணா வுழறேன், எழுத்தப் பத்தி மூச்சு வுடாதீங்க.

இன்னா, மறுபடியும் அந்தச் சீட்டா? சரி குடுங்க, பாக்கறேன்… ஐயோ! இது என் சீட்டாச்சே! வந்துட்டாரா? எப்போ? டூட்டிக்குப் போவும்போதேவா? அத்த மொதல்லயே சொல்றதுக்கென்ன உங்களுக்கு! ஆமா, சொல்ல நான் எங்க வுட்டேன்… கார்டப் பாத்தீங்களா? இல்லியா? வெளியவே எடுக்கலியா? ஊருல ஒருத்தர் பாக்கி இல்லாம காட்டன மனுசன் உங்களுக்கு மட்டும் காட்டலியா? ஏனாம்?

தொவரம்பருப்பு ரெண்டு கிலோ. புளி. தனியா. வெல்லம்… எல்லாம் என் எழுத்துதான். இது இன்னாண்ணே கடசியில? இது நான் எழுதலியே. இப்படி சாஞ்சு சாஞ்சு அவருக்குதான் வரும்.

'போஸ்ட் கார்டு, ஒரு டஜன்.'

…அடப்பாவி மனுசா! சீட்டப் பிரிச்சு என் எழுத்தக் கண்டுபுடிச்சுட்டாரு, ரெண்டு மாசமா! சீட்டக் கேட்டுக் கேட்டு வாங்கிக்கினு போனது இதுக்குதானா? என்னப் பாத்தா ஒரு சிரிப்பு இல்ல, ஒண்ணு இல்ல, பச்சப் புள்ள மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு… இல்லண்ணே, அழுவல. உங்க மொளகாதான், கண்ணுல ஏறிடுச்சு.

இன்னா பாத்துக்கினு நிக்கறீங்க? எழுதியிருக்கறது தெரியல? ஒரு டஜன் கார்டு எடுங்க. காதுல சொருகியிருக்கீங்களே, அந்தப் பென்சிலயும் குடுங்க. ஒம்பதாவது கதையில பொண்டாட்டிய உசுரோட வுட்டுட்டு மாமியார சாவடிச்சிருக்காரு. அந்தப் பொம்பள இன்னா பாவம் பண்ணா? இப்பவே கேட்டுடறேன், அந்த மொளகா மூட்ட மேல வெச்சே எழுதிடறேன், கொழம்பு கெடந்தா கெடக்குது. பேரா? வேதான்னே போடலாம்தான்… வேணாம்ணே. சுனந்தான்னே போடறேன். அவ பேச்சதான் அந்த மனுசன் கேக்கறாரு.