நீராவியில் காயும் மரம்

சோமனூர்த் தறி வேலையை விட்டுவிட்டு, ஊருக்கும் போகாமல் நடந்துகொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்ணும், ஊரிலிருந்து அவளைப் பார்க்க வந்த கணவனும் நின்றிருந்தார்கள்.

"நீராவில மரம் காயுமாக்கும்? இட்லி வேகறதத்தான் அம்மணி நான் பாத்திருக்கறேன்."

"கொதிக்கற தண்ணியவிடச் சூடான ஆவிங்க, ஈரத்த இழுத்துக்கும். கம்ப்யூட்டர் கணக்குல பலகை உள்ளயும் காஞ்சுருதுங்க. அறுத்துப் பாத்தா நடுவுல ஈரம் நிக்குது. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் ஆராய்ச்சி முடியும், ஊட்டுக்கு வருவேன்."

"பாப்பா இப்பெல்லாம் அழுகாமத் தூங்கிக்கறா. அம்மா எப்ப வருமுன்னு கேக்கறதில்ல."

காலேஜ் பஸ் வந்தது.

"கேக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

மறுநாள் காலை, எங்கள் ஊர் வழியாகப் போகும் தேங்காய் லாரியில் கிளீனர் வேலைக்குச் சேர்ந்தேன்.