வெறுமையாய்த் திரும்பாத கசெற்

உழவு மெசினின் பற்றரியிலே உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த ஒலிபெருக்கிக்கு என் முதல் வணக்கம். அது இருக்கும்வரை என் குரல் கடைசிப் பாய்வரை கேட்கும். அது போனாலும் கேட்கும், கனகசிங்கத்தின் தொண்டை அப்படிப்பட்டது.

இந்த வாசிகசாலைத் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கி, தாமரைக்குளத்து நடுவிலே தனித்தெழுந்த பூப்போல வீற்றிருக்கும், எங்கள் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர், என் மூத்த மச்சான் வினாயகமூர்த்தி அவர்களே; எங்கள் பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுத்தின் வீதியிலே நடத்திவரும் ஆசிரியை செசீலியா அவர்களே; வயல் வட்டையிலே வரப்புக் கட்டி வாழும் பெரியவர்களே; வாவியிலே வலை வீசி வாழும் தோழர்களே; பிள்ளையை மடியிலே போட்டு, வெற்றிலையை வாயிலே போட்டு, ‘இந்த மனிசன் எப்ப முடிப்பான்’ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே; அந்தத் தாய்மாருக்கெல்லாம் முன்னால் அமர்ந்து அதே கேள்வியைக் கண்ணாலே கேட்கும் என் மனைவி அன்னப்பூரணி அவர்களே; உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த, நிறைவான, நீண்ட வணக்கம்.

நீண்ட என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். பாருங்கள் மச்சான், தடையில்லை.

ஆசிரியை அவர்கள் எனக்கொரு தலைப்புத் தந்திருக்கிறார்: ‘வானொலியும் கசெற்றும் எங்கள் எழுத்தறிவை வளர்க்கின்றனவா, வாட்டுகின்றனவா?’ ஐந்தாம் வகுப்பை அரைவாசியிலே விட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் சொல்கிறேன், அந்த அரைவாசியை வைத்துக்கொண்டே அரைவாசி ஊருக்குக் கடிதம் எழுதியவன் நான். என் கடிதம் போய்ச் சேர்ந்த வீடுகளில் அடுப்பு எரியவில்லை, அழுகைதான் எரிந்தது. அரசாங்கக் கச்சேரியிலே ஒரு பெரிய உத்தியோகத்தர் என் மனுவை வாசித்துவிட்டு, எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றினார்.

பின்வரிசையிலே யாரோ சிரிக்கிறார்கள். மீன்காரப் பீற்றிஸ்தான், எனக்குத் தெரியும்.

“மாமா, அந்தாளிட்டத் தொப்பியே இல்லையாமே?”

அப்போது இருந்தது பீற்றிஸ். கழற்றினவர் திரும்பப் போடவில்லை. அவ்வளவுதான்.

சபையோரே, இன்று நான் சீதேவிப்பிள்ளையின் கதையைச் சொல்லப் போகிறேன். அதோ, தூணடியிலே இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். “உள்ளதைச் சொல்லுங்க மாமா, கூட்டிச் சொல்லாதீங்க” என்றாள். உள்ளதைச் சொல்வேன். கூட்டாமல் சொல்வதுதான் என் உடம்புக்கு ஒத்துவருவதில்லை.

அவளுடைய கணவன் அழகரத்தினம், என் தங்கை மகன், ரியாத்திலே லொறி ஓட்டப் போனான். போன புதிதில் கடிதமா வந்தது? கசெற் வந்தது. ஊரெங்கும் அப்படித்தான். சவூதிக்குப் போனவர்களும், குவைத்துக்குப் போனவர்களும், பேனையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்கள். பேசினால் போதுமே, எழுதுவானேன்? எழுதத் தெரிந்தவனுக்கு மை காய்ந்தது, தெரியாதவனுக்கு மனக்குறை தீர்ந்தது. என் வாசலிலே கடிதம் எழுதக் காத்திருந்த கூட்டம் காகத்தைப்போலப் பறந்து போனது. நான் கலங்கினேனா? கலங்கவில்லை. தொழிலை மாற்றினேன்.

எப்படி மாற்றினேன்? சண்டை வந்தது. மின்சாரம் போனது. வாவிக்கு அந்தப் பக்கத்து ஆமிச் சோதனையிலே பற்றரி கொண்டு போகக்கூடாது என்றார்கள். இருந்த பற்றரியை வெயிலிலே காய வைத்தோம், வெந்நீர் காட்டினோம், பல்லாலே கடித்தும் பார்த்தோம். கடைசியில் அது செத்தது. அப்போது எழுந்தது யார்? இந்தக் கனகசிங்கம். சைக்கிளை ஸ்ராண்டிலே நிறுத்தினேன். டைனமோவிலிருந்து வயர் இழுத்தேன். இடையிலே வைக்க ஒரு சின்னச் சாமான் வேண்டும். அதை வாழைச்சேனையிலே ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் வாங்கினேன். ஏறி இருந்து உழக்கினேன். கசெற் சுழன்றது. ரியாத் பேசியது.

நான் உழக்கிய உழக்குக்கு அந்தச் சைக்கிள் நகர்ந்திருந்தால், ரியாத்துக்கே போய் அழகரத்தினத்தைக் கரியரிலே ஏற்றிக்கொண்டு வந்திருப்பேன்.

ஆனால் ஒன்று. நான் வேகமாக உழக்கினால் அழகரத்தினம் குமர்ப்பிள்ளைபோலக் கீச்சிடுவான். களைத்து மெதுவாக உழக்கினால் கிணற்றுக்குள்ளிருந்து பூதம் பேசும். முற்றம் முழுக்கச் சனம். எங்கள் மறுமொழியிலே இந்தக் கூத்தைக் கேட்டிருந்தவன், ஒருமுறை கசெற்றுக்குள்ளிருந்தே கெஞ்சினான்: “இப்ப நான் சீதேவியோட ரெண்டு சொல்லுக் கதைக்கப் போறன். மாமா, மெதுவா உழக்குங்க. மத்த ஆக்கள் எழும்பிப் போங்க.”

யார் எழும்பினார்கள்? ஒருவரும் எழும்பவில்லை. என் மனைவி இன்னும் கிட்ட வந்து இருந்தாள்.

சிரியுங்கள் தாய்மாரே, சிரியுங்கள். இனிமேல் சிரிப்பில்லை.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்திலே பலகாரம் வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்போமா? ஒரு பிடி அரிசியாவது, இரண்டு கத்தரிக்காயாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் திருப்புவது வீட்டுக்கே அவமானம். அந்த வழக்கம் கசெற்றுக்கும் வந்தது. கசெற் வந்தால், கேட்டு முடித்ததும், அதே கசெற்றிலே எங்கள் குரலைப் பிடித்து நிறைத்து அனுப்புவோம். அவனும் அதைக் கேட்டு, அதே கசெற்றிலே பேசி நிறைத்து அனுப்புவான். போனது, வந்தது, வந்தது, போனது. ஒருநாளும் வெறுமையாய்த் திரும்பவில்லை. எவ்வளவு மரியாதை. எவ்வளவு மானம்.

எவ்வளவு பெரிய இழப்பு என்று எங்களுக்குத் தெரியவில்லையே, சபையோரே.

ஒருநாள் கசெற்றும் கொண்டு போகக்கூடாது என்றார்கள். அந்த நேரம் கசெற் எங்கே இருந்தது? ரியாத்திலே இருந்தது. யார் குரல் அதிலே இருந்தது? சீதேவியின் குரல். இங்கே என்ன இருந்தது? கசெற் வைத்த வெறும் பெட்டி. அதைத் திறந்து பார்த்துக்கொண்டு அவள் முற்றத்திலே நின்றாள். நான் சைக்கிளிலே ஏறியே இருக்கிறேன், என்ன செய்வதென்று தெரியாமல்.

“மாமா, அவர் பேசினதுக்கு மேலதான நான் பேசின? ஒவ்வொருக்காவும் நானே அழிச்சிருக்கன்.”

“அது ஊர் வழக்கம் புள்ள.”

“வழக்கம்தான். இப்ப என்னட்ட அவர்ட சத்தம் ஒரு சொட்டும் இல்ல.”

காற்று அடித்தது. வாவியிலே அலை எழுந்தது. மாட்டு மணி கேட்டது. எல்லாச் சத்தமும் அந்த முற்றத்துக்கு வந்தது. அவள் கேட்க நினைத்த சத்தம் மட்டும் வரவில்லை. குளிருக்கு மூடலாம், பசிக்கு உண்ணலாம்; ஒரு குரலுக்காகக் காது தவித்தால் அதற்கு என்ன கொடுப்பது?

பிறகுதான் கடிதம் வரத் தொடங்கியது. கசெற் போன இடத்துக்குக் காகிதம் வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. சின்ன வயதிலே ஆசிரியை முகம் மனத்தில் பதியுமுன்னே காவலுக்கும் கதிர் பொறுக்கவும் போய்விட்டவள். வாசிக்க யார்? மறுமொழி எழுத யார்? மீண்டும் மேடை ஏறினான் கனகசிங்கம்.

நான் வாசித்தால் சும்மாவா வாசிப்பேன்? அவன் ‘சுகம்’ என்று எழுதியிருந்தால், அந்தச் சுகத்துக்கு முன்னால் ஒரு சோகம் வைப்பேன். ‘வேலை நல்லாக் கூட’ என்றிருந்தால், மணற்காட்டிலே மாலைச் சூரியன் மறைவதைக் காட்டுவேன். ஒரே கடிதத்தை அவள் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாள். ஒருநாள் இடையிலே நிறுத்தினாள்.

“மாமா, முந்தநாள் வாசிக்கக்குள்ள மழை இல்லையே. இண்டைக்கு எங்கால மழை வந்த?”

“அது பாலைவனம் புள்ள. மழை எப்ப வரும் எண்டு சொல்ல ஏலாது.”

பக்கத்திலே மீன் வெட்டிக்கொண்டிருந்த அன்னப்பூரணி தலை நிமிரவில்லை. “நாளைக்கு வாசிச்சா வெள்ளம் வரும். பாயைச் சுருட்டி மேல வை மகள்.”

மறுமொழிகளையும் நானே எழுதினேன். என்ன எழுத்து அது. நிலாவைக் கூப்பிட்டேன், நீலக் கடலைக் கூப்பிட்டேன், வாவியிலே இருந்த அத்தனை கொக்கையும் கூப்பிட்டேன். அவனிடமிருந்து பதில் வந்தது. அதை ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்கிறேன்: ‘கடிதம் நல்ல வடிவு. இதை எழுதின பொம்பிள ஆர்? என்ட பொஞ்சாதிக்கு நிலாவைப் பார்க்க நேரமில்ல.’

ரியாத்திலிருந்து விமர்சனம் பெற்ற ஒரே எழுத்தாளன் இந்த வாவிக்கரையிலே நான்தான். நான் மார்பை நிமிர்த்தினேன். அவள் முகம் குனிந்தது.

“அவர் எனக்கு எழுத, அதை வேற ஆள் வாசிக்க, வேற ஆள் மறுமொழி எழுத... இதுக்குள்ள நான் எங்க இருக்கன் மாமா?”

சபையோரே, எனக்கு எதற்கும் பதில் இருக்கும். அன்று பேனையை மூடிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அந்தக் கடிதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பாதை பூட்டியதாலே வரவில்லையா, சண்டை மூண்டதாலே வரவில்லையா, இல்லை, முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு எழுத மனமில்லாமல் விட்டானா? அந்தக் கடைசிக் கேள்விதான் அவளை அரித்தது.

அவள் என்ன செய்தாள்? பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு புத்தகக் கட்டை எடுத்தாள். சினிமாப் பாட்டுப் புத்தகங்கள். கல்யாணம் முடித்த காலத்திலே மட்டக்களப்பு டவுனுக்குப் படம் பார்க்கப் போகும்போதெல்லாம் அழகரத்தினம் வாங்கிக் கொடுத்தவை. பாட்டெல்லாம் அவளுக்குப் பாடம். வானொலி கேட்டே பாடம். எழுத்துத்தான் தெரியாது. “மாமா, பாட்டு நேரத்துக்கு வந்து உழக்குங்க” என்றாள்.

நான் உழக்க, வானொலி பாட, அவள் விரல் எழுத்தின்மேல் நடந்தது. பாட்டு முன்னே போகும், விரல் பின்னே ஓடும். முதல் வரி முடிந்ததும் விரல் இரண்டாம் வரிக்குப் போய்விடும்; பாடுகிறவரோ முதல் வரியையே மறுபடி பாடிக்கொண்டிருப்பார். அவள் குழம்பினாள், கோபித்தாள், புத்தகத்தை மூடினாள், திரும்பத் திறந்தாள். மறுகா ஒருநாள் கத்தினாள்: “மாமா, அவர் ரெண்டு தரம் பாடுறார், இதில ஒருக்காத்தான் கிடக்கு. நான்தான் கிறுகித் திரும்ப வர வேணும்.” அந்தத் திருப்பத்திலேதான், ஆசிரியை அவர்களே, எழுத்து அவளுக்கு வழிவிட்டது.

இன்னொரு நாள் என் கால் பிடித்துக்கொண்டது. சைக்கிள் நின்றது, வானொலி செத்தது, அவள் வாய் நிற்கவில்லை. ‘இது பாடமாக்கினது புள்ள, வாசிப்பில்லை’ என்றேன். பக்கத்தைப் புரட்டினாள். அவளும் கேட்டிராத, நானும் கேட்டிராத ஒரு பாட்டு. எந்த வானொலியும் எங்களுக்குப் போடாத பாட்டு. அதை இராகமில்லாமல், ஏற்ற இறக்கமில்லாமல், கல்லிலே கால் வைத்து ஆற்றைக் கடக்கிறவள்போல, ஒவ்வொரு சொல்லாக, கடைசிவரை வாசித்தாள்.

எத்தனையோ கச்சேரி கேட்டவன் நான். அதுபோலொரு கச்சேரி கேட்டதில்லை.

பிறகு அவளே ஒரு கடிதம் எழுதினாள். எழுதினபின் என்னைக் கூப்பிட்டாள். நான் பழக்கத்திலே கையை நீட்டினேன். அவள் தரவில்லை. “நான் வாசிக்கிறன், நீங்க கேளுங்க” என்றாள். அதைத்தான் இன்று இந்தச் சபைக்குச் சொல்ல அனுமதி வாங்கி வந்திருக்கிறேன்.

‘நான்தான் எழுதுறன். மாமா இல்ல. நாங்க சுகம். சிவப்பி மாடு கண்டு போட்டிருக்கு, நாகு. கூரை இந்த மாரிக்குத் தாங்கும். உங்களிட்ட இருக்கிற கசெற்றில என்ட சத்தம் கிடக்கு. அதுக்கு மேல பேசாதீங்க. எப்பவாவது அனுப்ப விட்டாலும் அனுப்பாதீங்க, அங்கயே வெச்சிருங்க. என்னட்ட உங்கட சத்தம் இல்ல. அதால நீங்க எழுதுங்க. எழுதினதுக்கு மேல ஆரும் பேச ஏலாது. நான் வாசிப்பன்.’

இவ்வளவுதான். நிலா இல்லை, கொக்கு இல்லை, மழை இல்லை. எதிலும் ஒன்றைக் கூட்டுகிற இந்தக் கனகசிங்கம் அதிலே கூட்ட ஒரு இடம் தேடினேன். இடம் இருக்கவில்லை. இந்த மாவட்டத்திலே என் கை படாமல் போன ஒரே நல்ல கடிதம் அதுதான். அதை மடித்து, மார்போடு வைத்து, பாதையிலே ஏறி, அந்த மரத் தெப்பம் வாவியைக் கடக்கும்வரை ஒருவரோடும் பேசாமல் நின்று, களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டு, தபால் கந்தோரிலே சேர்த்தேன். கனகசிங்கம் பேசாமல் நின்றானா என்று பாதை இழுத்தவர்களைக் கேளுங்கள்.

பதில் வந்ததா என்று கேட்கிறீர்கள். இன்னும் வரவில்லை.

மாரி வந்தது, கதிர் வந்தது, கொக்கு வந்தது. பதில் வரவில்லை. தபால் வரும் நாளிலெல்லாம் சீதேவி பாதையடிப் பக்கம் ஒருமுறை பார்ப்பாள்; பார்க்காததுபோலத் திரும்புவாள்.

ஆசிரியை அவர்களே, உங்கள் தலைப்புக்கு வருகிறேன். கசெற் எழுத்தை வாட்டியதா? வாட்டியது. வானொலி எழுத்தை வளர்த்ததா? அவள் விரலைக் கேளுங்கள். நாங்கள் பொறியைக் குறை சொல்லலாமா? குரலைக் கொண்டு வந்து தந்ததும் அதுதான். குரலுக்கு மேல் குரலைக் கொட்டி நிறைத்தது எங்கள் கை. சொல்லுங்கள், இந்தச் சபையிலே எத்தனை வீட்டிலே ஒரு குரல் குறைகிறது? எத்தனை பாயிலே ஓர் இடம் காலி? கேட்டால் போதும் என்று இருந்தோமே, இன்று கேட்க என்ன இருக்கிறது? எழுதுங்கள் தாய்மாரே. கறிக்கு உப்புப் போதாததை எழுதுங்கள். மாடு கன்று போட்டதை எழுதுங்கள். கோணலாக எழுதுங்கள், கொட்டை எழுத்திலே எழுதுங்கள். இந்த வாசிகசாலைக்கு வாருங்கள். இங்கே ரேடியோவும் இருக்கும், பேப்பரும் இருக்கும். ரேடியோவுக்கு உழக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை நீங்கள் தேட வேண்டியதில்லை.

இந்த வாசிகசாலையின் முதல் பத்திரிகையை இன்று வாசிக்கப் போவது தலைவரல்ல, நானுமல்ல. சீதேவிப்பிள்ளை. எழும்பி வா மகள். வெட்கப்படாதே. மழை வரும் இடத்திலே மட்டும் மழையை வாசி.

எனக்கு ஒரேயொரு ஆசை இருக்கிறது. அழகரத்தினத்தின் கடிதம் ஒருநாள் வரும். வரும்போது வாசித்துச் சொல்லச் சொல்லி யாரும் இந்த மாமனைத் தேடி வரமாட்டார்கள். அது என் கவலை. அதுவே என் வேண்டுதலும். ஆனாலும் தபால் நாளிலே நான் பாதையடியிலேதான் நிற்பேன். உறையைப் பிரிக்கமாட்டேன். கொண்டு வந்து அவள் கையிலே கொடுத்துவிட்டு, சைக்கிளிலே ஏறி இருந்து, அவள் வாசிக்கக் கேட்பேன்.

பொறுமையாய் இருந்த தலைவருக்கும், பொறுக்காமல் இருந்த பீற்றிசுக்கும், கடைசிவரை என்னை இழுத்து இருத்தாத அன்னப்பூரணிக்கும், இன்னும் சாகாமல் நிற்கும் இந்தப் பற்றரிக்கும் நன்றி. வாவிக்கு இந்தப் பக்கம் இருப்போருக்கும், அந்தப் பக்கம் இருப்போருக்கும், கடலுக்கு அப்பால் எங்கள் குரலைக் கையிலே வைத்திருப்போருக்கும் வணக்கம்.