ஆள் தேவையில்லாத நெற்வேர்க்

உங்கள் வாசலிலேயே கார் நிறுத்த இடம் கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதல். ரொறன்ரோவில் விசாரணைக்கு வருகிறவனுக்கும் முதல் கவலை பார்க்கிங்தானே. முதியோர் இல்லத்தில் இறந்துபோன மரியம்மாவைப் பற்றிக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில் 'மென்பொருள் கோளாறு' என்று எழுதப்போவதாகக் கேள்விப்பட்டேன். அது அநியாயம். அதைத் திருத்தத்தான் லோயர் வேண்டாமென்று தனியாக வந்திருக்கிறேன்.

என் பெயர் அருள்நாயகம். கணினிகளை இணைக்கும் நெற்வேர்க் விற்கிறேன். செய்கிறவன் அல்ல, விற்கிறவன். வித்தியாசம் சம்பளத்தில் தெரியும். முன்பெல்லாம் ஒரு கட்டடத்தில் எதை மாற்றுவதென்றாலும் மாடிக்கு மாடி இருக்கும் பெட்டிகளை ஒருவன் தனித்தனியாகத் திருத்த வேண்டும். இப்போது எல்லாவற்றையும் ஒரே மென்பொருள் ஆளும் என்கிறோம். திரையில் கோடு போட்டால் போதும். எங்காவது பழுதானால் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும். இதையெல்லாம் சொல்லும்போது நான் 'கிளவுட்' என்று ஒரு மேகம் வரைவேன். மேகத்தைக் கண்டால் முதலாளிமார் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் அந்த இல்லத்தின் நிர்வாகி மெலிசா, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. அவள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"சோ அங்கிள், ஏதும் பிரேக் ஆனா ஆர் ஃபிக்ஸ் பண்ணுறது?"

"ஒருத்தரும் தேவையில்லை பிள்ளை. அது தானாப் பாத்துக்கொள்ளும்."

"வாவ்" என்றாள். எங்கள் தொழிலே அந்த ஒரு சொல்லில்தான் ஓடுகிறது.

தானாகப் பார்த்துக்கொண்டது எங்கள் கம்பனியில் வேலை செய்யும் அன்புராசா. எங்கள் மென்பொருளும் இல்லத்தின் பழைய பெட்டிகளும் ஒன்றோடொன்று முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆகவே மெலிசா திரையில் கோடு போட்டதும், அன்புராசா டோர்செட் பார்க்கில் தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்தபடி ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் புகுந்து கையால் மாற்றுவான். எங்கள் விளம்பரத்தில் வரும் செயற்கை நுண்ணறிவு அவன்தான். நல்ல அறிவுள்ள பெடியன், மறுக்கவில்லை. இதை மோசடி என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் துறையில் இதற்கு முதற்கட்டம் என்று பெயர்.

மரியம்மா அவனுடைய தாய். அதே இல்லத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார். மூச்சு வருத்தம். கட்டிலருகே ஒரு பொத்தான் இருக்கும்; அமத்தினால் தாதியரின் அறையில் மணி அடிக்கும். அது பழைய மணி, அதற்கென்று தனி வயர். எந்த மேகத்தின் உதவியும் இல்லாமல் வெட்கங்கெட்டு வேலை செய்துகொண்டிருந்தது. அதையும் மென்பொருளுக்கு மாற்றுவதென்று முடிவானதும் அன்புராசா என்னிடம் வந்தான்.

"அண்ணை, மணியை மட்டும் பழைய வயரிலை விடுங்கோ. உது தானா ஒண்டும் செய்யிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். நான் படுத்தா உதுவும் படுத்திடும். மேலை அம்மா இருக்கிறா."

"விசர்க்கதை கதைக்காதை. நீ இருக்கிறாய்தானே" என்றேன். உண்மையில் அவன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

திறப்பு விழாவில் நாங்கள் ரிப்பன் வெட்டுவதில்லை. பழைய வயரையே வெட்டுவது எங்கள் கம்பனி வழக்கம். மணியின் வயரை மெலிசா வெட்டினாள். சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்த மரியம்மா எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். "என்ரை மகன் செய்தது" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். படம் எடுக்கும்போது அன்புராசாவைச் சற்று விலகி நிற்கச் சொன்னேன். ஆள் தேவையில்லாத நெற்வேர்க்கின் பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் நன்றாகவா இருக்கும்.

பிறகு வேறு இல்லங்களின் முதலாளிமார் பார்க்க வர விரும்பினார்கள். மனிதக் கை படாமல் ஓடுவதைக் காட்ட வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. யாராவது உள்ளே புகுந்தால் அவன் பெயர் பெரிய திரையில் விழும். எனவே அன்று காலை அன்புராசாவின் கடவுச்சொல்லை முடக்கினேன். அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் வீணாக யோசிப்பான். அது எங்கள் கத்தோலிக்கச் சனம் பஸ் பிடித்து, இரண்டு மணித்தியாலத் தூரத்தில் இருக்கும் மிட்லண்ட் கோயிலுக்கு யாத்திரை போகும் நாள். "எந்த நேரமும் உதுக்குள்ளையே கிடக்கிறாய். போய் அம்மாவுக்காகக் கும்பிட்டிட்டு வா, நான் பாக்கிறன்" என்று முதல்நாளே சொல்லியிருந்தேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விருந்தினர் பற்றிஸ் சாப்பிட்டபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுடைய செய்தி வந்தது. 'மூண்டாம் மாடி மணி வேலை செய்யேல்லை எண்டு எனக்கு அலேர்ட் வந்திருக்கு அண்ணை. என்னை உள்ளை விடுதில்லை. அங்கை ஃபோனும் போகுதில்லை. ஆரையாவது அம்மாட்டை அனுப்புங்கோ.' ஃபோன் போகாதுதான். இல்லத்தின் ஃபோன்களையும் அதே நெற்வேர்க்கில்தான் போட்டிருந்தோம். திரையைப் பார்த்தேன், எல்லாம் பச்சை. பச்சை காட்டு என்று சொல்லிவைத்தால் பச்சைதான் காட்டும். உண்மையைக் காட்டுவது இரண்டாம் கட்டத்தில் வரும்.

செய்தியை வாசித்தேன். அதை நான் மறைக்கவில்லை. எனக்குப் பக்கத்திலேயே ஒரு தாதி நின்றாள். காதில் சொல்லியிருந்தால் ஓடியிருப்பாள். ஆனால் ஏன் ஓடுகிறாள் என்று விருந்தினர் கேட்டிருப்பார்கள். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். அது திரும்பத் திரும்ப அதிர்ந்தது. முக்கியமான அழைப்போ என்று ஒருவர் கேட்டார். யாரோ எதையோ விற்கப் பார்க்கிறார்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அவர்கள் கைகுலுக்கிப் போனபின் நானே மேலே போனேன். நானாகவே போனேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மரியம்மாவின் பெருவிரல் பொத்தானில் அப்படியே இருந்தது. மென்பொருள் அதற்கு இட்ட வேலையைத்தான் செய்தது. ஆகவே கோளாறு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். மனிதத் தவறு என்று போடுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

அன்புராசாவுக்கு இது ஒன்றும் தெரியாது. அவனுடைய செய்தியைப் பிந்தித்தான் பார்த்தேன் என்றேன்; நீ வெளியூரிலிருந்து உள்ளே புகப் பார்த்ததால் பாதுகாப்புக்காக மென்பொருளே உன்னைத் தடுத்திருக்கும் என்றும் சொன்னேன். அது தானாக ஒன்றும் செய்யாது என்று சொன்னவனே அதை நம்பிவிட்டான். செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போயிருக்கக் கூடாது அண்ணை, எல்லாம் என்ரை பிழை" என்று விக்கி விக்கி அழுதான். பாவமாகப் போய்விட்டது. யார்மேலும் கோபம் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. முதுகைத் தடவிக்கொடுத்து, அவனை அங்கேயே மன்னித்துவிட்டேன்.