கந்தப்பன் தோண்டுகிற இடம்

— ஒங்கட மனுசன நிப்பாட்டச் சொல்லுங்க நாகலெச்சுமி. நான் வேற ஒண்டும் கேட்டு வரல்ல.

— மொதல்ல ஒக்காருங்க மொதலாளியம்மா. ஹட்டன்ல இருந்து அந்த ரோட்டுல குலுங்கிக் குலுங்கி வந்திருக்கீங்க. அங்க வேணாம், கூரை ஒழுகுது. இந்தப் பலகைக்கு வாங்க.

— இருக்க நேரமில்ல. ஆட்டோக்காரன் நிக்கிறான். கேளுங்க. இஷ்ராட வாப்பா எங்கட கடையும் வீடும் ஈந்த அந்தக் காணிய வித்துட்டார். வாங்கின ஆள் லொறி நிப்பாட்டுறதுக்கு எடுத்தீக்கிறார். வார கிழமை வேலி போட வாறார். கந்தப்பன் இன்னம் மம்பட்டியும் கூடையுமா அதுக்குள்ள இறங்கித் தோண்டிட்டு ஈக்கிறாராம். பொலிசுக்குச் சொல்லுவேன் எண்டு அந்த ஆள் சத்தம் போடுறார்.

— வித்துட்டீங்களா. புள்ளைங்க போன எடத்தையா.

— மலை சரிஞ்சதுல ரோட்டுப் பக்கம் மட்டும்தான் தப்பி ஈக்கிது. அதயும் வச்சி என்னத்துக்கு? எனக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க ஏலா. நாங்க அக்குறணைக்குப் போறோம், அவர்ட கூடப்பொறந்த நானா வீட்டுக்கு. கட்டார்ல இருந்து மகன் ரிஃகானும் அதத்தான் சொல்றான். வாப்பாவ அங்க வச்சிட்டு இருக்க வாணாம் எண்டு.

— ஒங்களுக்குப் போறதுக்கு ஒரு எடம் இருக்குங்க.

— அப்பிடிச் சொல்ல வாணாம்.

— கொறையா சொல்லலம்மா. இருக்குதுன்னுதான் சொன்னேன். எங்கள ஸ்கூல்ல வச்சிருந்தாங்க. ஸ்கூல் தொறந்ததும் இந்தப் புள்ளக்காம்பராவுக்கு அனுப்பிட்டாங்க. பிரியந்தியக் கைக்கொழந்தையா இங்கதான் தொட்டில்ல போட்டுட்டு நான் கொழுந்தெடுக்கப் போவேன். இப்ப நாலு குடும்பம் இருக்கோம், சேலையக் குறுக்கக் கட்டிக்கிட்டு. பக்கத்து மறைப்புல ஒருத்தர் இருமுனா நம்ம நெஞ்சுல இருமுற மாதிரி இருக்கும்.

— வீடு கட்டித் தாறெண்டாங்களே?

— தர்றோம்னுதான் சொல்றாங்க. எந்தக் காணியிலன்னு கேக்குறாங்க. கவர்மெண்டுக் கச்சேரியில போயி நின்னா தோட்டத்தக் கேளுன்றாங்க. தொரையக் கேட்டா கம்பனிக் காணின்றாரு. ஒங்களுக்குக் காணி ஒறுதிப் பத்திரம் இருந்துச்சு, போனத எழுதிக் காட்ட முடிஞ்சுச்சு. எங்களுக்கு லயத்து வீட்டு நம்பர்தானே. எங்க பாட்டன் காலத்துல இருந்து அதே நம்பர்.

— ஒறுதி இருந்து என்னத்தக் கண்டோம் நாகலெச்சுமி? கடையும் வீடும் நாங்க களவெடுத்துக் கட்டல்ல. அந்த ஈஸ்டர் குண்டுக்குப் பொறகு ஒருத்தரும் எங்கட கடைப் படியில கால் வைக்கல்ல. சிங்கள ஆக்கள் மட்டுமில்ல, ஒங்கட லயத்து ஆக்களும்தான் வரல்ல. பாண் எல்லாம் காஞ்சி, எடுத்து ஆத்துல கொட்டினோம். மறந்துட்டீங்களா?

— மறக்கலங்க. நாங்க பயந்துட்டோம். யாரோ என்னமோ சொன்னாங்க, நம்பிட்டோம்.

— பொறகு கொரோனா. இவர்ட உம்மா, எங்கட மாமி, ஆஸ்பத்திரியில மவுத்தானாங்க. காசு ஈக்கிது, கடை ஈக்கிது, மையவாடியில எடம் ஈக்கிது. ஆனா மண்ணுல வைக்க விடல்ல. எரிச்சிட்டாங்க. இவர் கேட்டுக்கு வெளிய நிண்டு புகையப் பாத்துட்டு வந்தார். அதுக்குப் பொறகு இவர் சரியாச் சிரிச்சி நான் காணல்ல. ஒங்களுக்கு எரிக்கிறது வழமை. எங்களுக்கு அது நெஞ்சுல வச்ச நெருப்பு.

— நாங்களும் தோட்டத்துல பொதைக்கிறதுதாங்க. ஆனா நீங்க பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அன்னைக்குப் பூராவும் எங்க வீட்டுக்காரரு கடை வாசல்லயே ஒக்காந்திருந்தாரு. மொதலாளி சாப்புடலன்னு இவரும் சாப்புடல.

— தெரியும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து லொறிச் சாமான் இறக்குவார், கூலிய நீட்டினா எண்ணிப் பாக்கவும் மாட்டார். அதனாலதான் நானே வந்தேன். பொலிஸ் வந்து அவர இழுக்கிறதப் பாக்க ஏலா எனக்கு. ஒங்கட புள்ள அந்த மண்ணுல ஈக்கிறா எண்டு எனக்கு விளங்குது. ஆனா மூணு மாசமாச்சு. ஒரு மனுசன் ஒரு மம்பட்டியால மலையத் தோண்டி முடிக்க ஏலுமா?

— பெக்கோ இருந்தா முடிச்சிருக்கலாங்க.

— என்ன?

— மண்ணு அள்ளுற பெக்கோ மெசினத்தான் சொல்றேன். ஒங்க ஆளுங்க கண்டியில இருந்து கொண்டாந்தாங்கல்ல. ஆத்தங்கரையில புள்ளைய எடுத்ததும் மெசினத் திருப்பிட்டாங்க. இன்னொரு புள்ள உள்ள இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு டிரைவர் கால்ல விழுந்தாரு. டிரைவர் அழுதுட்டாரு. வாடகை அவரு கையில இல்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

— மலை இன்னம் அசையுது, எல்லாரும் இறங்குங்க எண்டு ஆமிக்காரன் சொன்னான்.

— சொன்னாங்க. மலை எறங்குறப்ப ஒங்க வீடு எங்க வீடுன்னு பாக்கல. தேடுறப்பத்தான் பாத்தாங்க. ஒங்க பள்ளிவாசல்ல இருந்து வேன் வேனா வந்தாங்க, எங்களுக்கும் சோத்துப் பார்சல் குடுத்தாங்க, அத நான் மறக்கல. ஆனா எங்களத் தேடி வர்றதுக்கு வெளியூர்ல யாரு இருக்கா சொல்லுங்க. எங்க சொந்தக்காரங்க எல்லாம் அடுத்த தோட்டத்துல அதே மழையில நின்னாங்க.

— இப்ப என்னத்துக்கு இதெல்லாம்?

— நீங்க ஊரவிட்டுப் போறீங்க. இன்னைக்கு விட்டா எப்ப பேசுறதுங்க. மலை எறங்குன அன்னைக்குக் காலையில நான்தான் போன்ல சொன்னேன் பிரியந்திகிட்ட. மேல வராதடி, லயத்துச் செவுரு வெடிச்சிருக்கு, மொதலாளி வீடு சிலாப் போட்ட கல்வீடு, அங்கயே இருன்னு. லயம் இன்னும் நிக்குதுங்க. உள்ள போக வேணாம்னு கயிறு கட்டி வச்சிருக்காங்க, ஆனா நிக்குது. கல்வீடுதான் போயிருச்சு.

— நானும் இவரும் முன்னுக்கு நிண்டோம். கடைக்குள்ள தண்ணி ஏறுது எண்டு அரிசி மூட்டைய மேல ஏத்தினோம். புள்ளைகள் ரெண்டு பேரும் பின்னறையில. என்னமோ சொல்லிச் சிரிச்சிட்டு ஈந்தாங்க. சிரிக்க வாணாம், வந்து ஒரு கை பிடிங்க எண்டு நான் சத்தம் போட்டேன். வாறோம் உம்மா எண்டாங்க. ரெண்டு பேரும் அப்பிடித்தான் சொன்னாங்க. பிரியந்தியும் என்ன உம்மா எண்டுதான் கூப்பிடுவா.

— எங்கிட்டயும் சொல்லிருக்கா. ஓலெவல் பரீட்ச ரெண்டு பேரும் ஒரே வருசம் எழுதுனாங்க, ஞாபகம் இருக்குங்களா. இஷ்ரா மேல படிக்கக் கண்டிக்குப் போச்சு. எம்புள்ள ஒங்க வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வந்துச்சு. ரெண்டும் பாஸ்தான்.

— நான் அவள வேலைக்காரி மாதிரி வைக்கல்ல. இஷ்ரா லீவுக்கு வந்தா ஒரே பாய்லதான் படுப்பாங்க. இஷ்ராட உடுப்பெல்லாம் அவளுக்குத்தான் குடுப்பேன்.

— குடுத்தீங்க. எல்லாம் நல்ல உடுப்பு. அந்த ஊதாப்பூப் போட்ட சுரிதாரும் குடுத்தீங்க.

— அது... எனக்கு ஞாபகமில்ல.

— தீவாளிக்கு முன்னாடி குடுத்தீங்க. இடுப்புல தொளதொளன்னு இருக்குன்னு கொண்டாந்தா. இஷ்ரா கொஞ்சம் சதப்பிடிப்பு, இவ குச்சி. நான்தான் உள்பக்கமாப் புடிச்சுத் தச்சேன். வீட்டுல ஊதா நூல் இல்ல. பச்ச நூல்லதான் தச்சேன்.

— நாகலெச்சுமி.

— ஆத்துல இருந்து எடுத்த புள்ள போட்டிருந்தது அந்தச் சுரிதார்தாங்க. மொகத்துல கல்லு அடிச்சிருந்துச்சு, ஒண்ணும் தெரியல. மொதலாளி சுரிதாரப் பாத்துட்டு, இஷ்ராட உடுப்பு, எம்மகள்தான்னு கத்துனாரு. துணியச் சுத்தி எடுத்துக்கிட்டுப் போறப்ப ஓரம் வெளிய தொங்குச்சு. மடிச்சுத் தச்ச எடம் தெரிஞ்சுச்சு.

— அப்ப அண்டைக்கே ஒங்களுக்குத் தெரியும்.

— தச்சவளுக்குத் தெரியாதுங்களா.

— ஏன் சொல்லல்ல? அந்த எடத்துல ஒரு வார்த்த சொல்லி ஈந்தா...

— வாயத் தொறந்தேங்க. அதுக்குள்ள மொதலாளி புள்ளைய மடியில போட்டுக்கிட்டாரு. அத்தன பெரிய மனுசன், சேத்துல சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிட்டு அழுறாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் ஒங்க ஆளுங்க, வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு. நான் மழைக்குப் போடுற கொங்காணியப் போத்திக்கிட்டு ஒரு ஓரத்துல நின்னேன். அது ஒங்க புள்ள இல்ல, எம்புள்ளன்னு சொல்றதுக்கு, என்னமோ ஒங்க கடையில போயி கைநீட்டி நிக்கிற மாதிரி கூசிப் போச்சு. பெத்த புள்ளைக்குக் கூசுனவ நான். அத நெனச்சா ராத்திரி தூக்கம் வர்றதில்ல.

— எனக்கும் தெரியும் நாகலெச்சுமி.

— ஒங்களுக்கா? எப்பிடிங்க?

— நான்தான் குளிப்பாட்டினேன். நான் பெத்த ஒடம்பு எனக்குத் தெரியாதா? தண்ணி ஊத்தின ஒடன தெரிஞ்சிட்டு. பச்ச நூலயும் கண்டேன். கத்தணும் போல ஈந்திச்சி. வெளிய இவர் கதிரையில நெஞ்சப் பிடிச்சிட்டு ஈந்தார். ரெண்டு நாளா மகளத் தேடி அந்தச் சேத்துல தலைகீழாக் கிடந்த மனுசன். இது எங்கட மகள் இல்ல எண்டு சொன்னா திரும்பவும் அதுக்குள்ள பாய்வார். மலை இறங்கிட்டே ஈக்கிது, இவர் மேல வர மாட்டார். உம்மாவத்தான் மண்ணுல வைக்க ஏலல்ல, மகளயாவது வச்சிட்டேன் எண்டு அண்டைக்குத்தான் அவர் ஒரு மொடறு தண்ணி குடிச்சார். நான் சொல்லல்ல. கூட நிண்ட பொம்பளைகளுக்கும் சொல்லல்ல. முகத்த ஒருத்தருக்கும் காட்ட வாணாம் எண்டேன். என்ட மகள அந்த மண்ணுல விட்டுட்டு ஒங்கட மகளத் தூக்கிட்டுப் போயிட்டேன்.

— தலைய வாரி விட்டீங்களா?

— என்ன?

— எம்புள்ளைக்குங்க. அவளுக்கு அடர்த்தி முடி. சேறு உள்ள போயி சிக்குப் புடிச்சிருக்கும்.

— வாரினேன். சேறு போற மட்டும் கழுவினேன். மூணு பின்னலாப் பின்னிப் பின்னுக்கு விட்டேன். கடைசியாக் கற்பூரத் தண்ணி ஊத்தினேன். வெள்ளத் துணியில கட்டினேன். என்ட மகளுக்கு எப்பிடிச் செய்வேனோ அப்பிடித்தான் செஞ்சேன். இஷ்ரா எண்டு சொல்லிட்டே அவள எடுத்துட்டுப் போனாங்க. நான் மட்டும் உள்ளுக்குள்ள பிரியந்தி, பிரியந்தி எண்டு சொன்னேன்.

— அது போதுங்க.

— போதும் எண்டு சொல்ல வாணாம். ஏசுங்க. அடிக்கிறதெண்டாலும் அடிங்க.

— ஏசணும்னுதான் எத்தனையோ தடவ எறங்கி வந்தேன். ஒங்க ஆளுங்க கடை வரிசையப் பாத்ததும் கால் நின்னுரும். திரும்பிருவேன். புள்ளையப் பொதைச்ச பள்ளி மதிலுக்கு வெளிய ஒரு நாள் நின்னேன். பொம்பளைங்க உள்ள வரக்கூடாதுன்னு ஒருத்தரு தன்மையாத்தான் சொன்னாரு. யாரு வேணும்னு கேட்டாரு. யாரும் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— யா அல்லாஹ்.

— கோவம் இருக்குங்க. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒங்க மனுசனக் காப்பாத்துனீங்க, சரி. எம்மனுசன் கையப் பாத்தீங்களா? நகம் இல்ல. காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறதில்ல, பேரு வெட்டிட்டாங்க. மழ பேஞ்சா மறுபடியும் மண்ணு எறங்கி, தோண்டுன குழியெல்லாம் மூடிரும். மறுநாள் மறுபடி மொதல்ல இருந்து தோண்டுவாரு.

— அதுக்குத்தான் சொல்றேன். நான் இப்பவே கீழ போறேன். கந்தப்பன்ட முன்னுக்குப் போய் நிண்டு, ஒங்கட மகள் இங்க இல்ல, தோண்ட வாணாம் எண்டு என்ட வாயால சொல்றேன். பொறகு இவர்ட்டயும் சொல்றேன். பள்ளியிலயும் சொல்றேன். வாறது வரட்டும். ஒங்கட மனுசனும் சாக வாணாம். வாங்க, ரெண்டு பேரும் போவோம்.

— அவருகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லங்க.

— ஏன்? அவருக்குத்தானே முதல்ல தெரியணும்.

— ஆத்துல எறங்கி புள்ளையத் தூக்குனதே அவருதான். கையில ஏந்துன ஒடனே அவருக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்கு முன்னாடி அவருக்குத்தாங்க தெரியும்.

— தெரிஞ்சிட்டா பொறகு என்னத்துக்கு இந்த மூணு மாசமும் பிரியந்தியத் தோண்டுறார்?

— பிரியந்தியத் தோண்டலங்க அவரு. மொதலாளி மகள எடுத்து அவரு கையில குடுத்துட்டுத்தான் எங்க மகளத் திருப்பிக் கேக்கணுமாம். வெறுங்கையோட எப்படிடி மொதலாளி வாசல்ல போயி நிக்கிறதுன்னு என்னையக் கேக்குறாரு.