பச்சைப் பென்சில்

அழுகாத பாப்பா, அழுகாத. இங்க பாரு, மாமா ஒனக்கு ஒரு ஆடு போட்டுத் தாரேன். அண்ணே, அந்த டிக்கெட்டக் கொஞ்சம் குடுங்க, பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு. செக்கரு ஏறுனா நான் பதில் சொல்லிக்கிறேன். பாரு பாப்பா, மொதல்ல கொம்பு. ரெண்டு கொம்பு. அப்பறம் மூஞ்சி. முதுகு ஒரே இழுப்பு. பின்னங்காலு முட்டி மட்டும் பின்னாடி மடங்கணும், இல்லன்னா நாற்காலி மாதிரி ஆயிரும். இந்தா, புடி. பாத்தீங்களாண்ணே, அழுகை நின்னுருச்சு.

காது வலியா? அதான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தீகளா. பஞ்சு வச்சிருக்காங்க போல. நேத்து ராத்திரி பூராம் தூங்கியிருக்காதே, பாவம். எந்த ஊரு நீங்க? மீமிசலா? அட, நானும் அங்கதாண்ணே வாரேன்! ஒங்க ஊரு பள்ளிக்கொடத்துக்குத்தான் வாத்தியாரா போட்டிருக்காங்க. ஏம் பேரு ஆத்மநாதன். ஆர்டரு இந்தச் சட்டைப் பையிலயேதான் இருக்கு. திங்கக்கெழமை காலையில சேரணும். பாப்பா ஒன்னாப்பா? அப்பச் சரி, நம்ம கிளாசுதான்.

அய்யோ, பெரிய டிராயிங் மாஸ்டர்லாம் இல்லண்ணே. எனக்கு ஆடு ஒன்னுதான் வரும். சத்தியமாச் சொல்றேன். மாடு போடச் சொன்னாலும் ஆடாத்தான் வரும். அதையே ஒரு நாலாப்புப் புள்ளதான் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

மீமிசல் போய்ச் சேர இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்ல? அப்பக் கேளுங்க.

வாத்தியார் ட்ரெய்னிங்ல, கடைசியில ஒரு பள்ளிக்கொடத்துக்கு அனுப்பி ஒன்னரை மாசம் பாடம் நடத்தச் சொல்லுவாங்க. கணக்கு, தமிழு எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. படம்தான் எமன். நம்ம கையால போட்ட படம் பத்து, கெட்டி அட்டையில செவுத்துல தொங்கணும். அப்பறம் சூப்ரவைசர் வந்து கடைசியில ஒக்காந்துக்கிட்டுப் படக் கிளாசு எப்புடி எடுக்குறோம்னு பாப்பாரு. அதுல போச்சுன்னா எல்லாம் போச்சு. நான் அதுக்கு மொத வருசமே படத்துல கவுந்தவன். இந்த வாட்டியும் கவுந்தா மேழியப் புடிடான்னுட்டாரு எங்கப்பா. சொல்றதச் செய்யிற மனுசன் அவரு. அண்ணன் ரெண்டு பேரும் அப்புடித்தான் வயலுக்குப் போனாங்க.

எனக்குப் போட்டது அன்னவாசலுக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊரு. பேரு எதுக்கு, விடுங்க. கல்லொடைக்கிற சனம் சாஸ்தி. மொத நாளு போர்டுல ஒரு நாயி போட்டேன். சாரு போட்ட நாயும் ஹெட்மாஸ்டரும் ஒரே மூஞ்சியா இருக்குன்னு ஒரு பயல் சொல்ல, கிளாசே உருண்டு உருண்டு சிரிக்குது. ஹெட்மாஸ்டரு ஆவுடையப்பன் ஐயா வெளிய நின்னு கேட்டுக்கிட்டு இருக்காரு. எப்புடி இருந்திருக்கும் எனக்கு?

அன்னைக்குச் சிரிக்காத புள்ள ஒன்னே ஒன்னு. ராக்காயி. கல்லொடைக்கிற இருளாண்டி மக. மூனாவது வரிசையில உக்காந்து சிலேட்டுல அதே நாயப் போட்டுக்கிட்டு இருக்கா. குனிஞ்சு பாக்குறேன், நாயி மூச்சு விடுதுண்ணே. கண்ணுக்குள்ள ஒரு புள்ளி மட்டும் கறுப்பா விட்டு, சுத்தி வெள்ளையா தீட்டியிருக்கா. அந்தப் புள்ளியிலதான் உசுரு. கோவில்பட்டி கடலமுட்டாய் கண்டா மாதிரி நான் அந்தச் சிலேட்டையே பாக்குறேன்.

இன்னொன்னு. அவ சோறு திங்கிறது, எழுதுறது எல்லாம் வலக்கை. அடிச்சுப் பழக்குனதாம். படம் மட்டும் இடக்கையிலதான். வீட்டுல யாருக்கும் தெரியாது, சார் சொல்லிராதீங்கன்னா. சொல்லலன்னேன்.

சாயங்காலம் மணி அடிச்சு எல்லாம் போனப்பறம் அவள மட்டும் இருக்கச் சொல்லுவேன். அட்டையும் கலர் பென்சில் டப்பாவும் தருவேன். டப்பா ட்ரெய்னிங் ஸ்கூலு டப்பா, பன்னெண்டு கலரு, நான் கையெழுத்துப் போட்டு வாங்குனது. தரையில குப்புறப் படுத்துக்கிட்டுப் போடுவா. கிளி, மயிலு, கோபுரம், எலந்தப் பழம், வண்டி மாடு. எட்டு நாள்ல பத்து அட்டையும் முடிஞ்சிருச்சு. நான் கீழ ஆத்மநாதன்னு எழுதி செவுத்துல மாட்டுனேன். அதுக்கு அவ ஒன்னும் சொல்லல. மாட்டியிருக்கே, அதுவே சந்தோசம் அவளுக்கு.

நேரம் மிச்சமானா எனக்கு ஆடு சொல்லித் தருவா. சார், கொம்புலேருந்து ஆரம்பிங்க, கொம்பு நல்லா வந்துட்டா ஆடு தானா வந்துரும்பா. என் கையப் புடிச்சே இழுப்பா. எனக்குத்தான் அது வளையாது. இவ்ளோ பெரிய ஆளு, ஒரு ஆடு வரலயான்னு சிரிப்பா. அப்ப நானும் சிரிச்சுக்குவேன். உள்ள சுருக்குன்னுதான் இருக்கும்.

சூப்ரவைசர் மொத வாட்டி வந்தாரு. செவுத்தப் பாத்துட்டு அப்புடியே நின்னுட்டாரு. ஆத்மநாதா, போன வருசம் நீ போட்ட மாம்பழத்தப் பாத்து நான் அரைச்ச மாவுன்னு நெனச்சேனே, இந்தக் கை எங்கய்யா இருந்துச்சுன்னாரு. எனக்குக் குளுந்து போச்சு. அந்நேரம் பாத்து இந்தக் கழுதை எந்திரிச்சு நின்னு, ஐயா கிளி மூக்கு நல்லாருக்கா, நாந்தான் போட்டேங்குது.

கெட்ட எண்ணத்துல சொல்லலண்ணே. நல்லாருக்குன்னு ஒருத்தரு சொன்னா, புள்ளைக்கு வாயி நிக்குமா?

நான் சிரிச்சு மழுப்புனேன். அவரு சிரிக்கல. அவ சிலேட்ட வாங்கிப் பாத்தாரு. ஒரு காக்கா. அதுக்கும் கண்ணுல அதே புள்ளி. சிலேட்டப் பாக்குறாரு, செவுத்தப் பாக்குறாரு. அடுத்த வாரம் வெள்ளிக்கெழமை வாரேன், நீயும் போர்டுல ஒரு படம் போடு, இந்தப் புள்ளையும் போடட்டும்னுட்டுப் போயிட்டாரு. ஒம்பது நாளு இருந்துச்சு.

பாப்பா தூங்குதா? இல்லையா? பாருங்க, ஆட்டையே பாத்துக்கிட்டு இருக்கு.

ஆங். அதுக்கு அடுத்த நாளு டப்பாவக் காணோம். ஆமாண்ணே, கலர் பென்சில் டப்பா. மேசை டிராயர்ல வச்சேன், இல்ல. ஹெட்மாஸ்டருகிட்டச் சொன்னேன். அவரு புள்ளைகள வரிசையா நிக்க வச்சு ஒதறச் சொன்னாரு. ராக்காயி பாவாடை மடிப்புலேருந்து பாதி தேஞ்ச பச்சைப் பென்சில் ஒன்னு விழுந்துச்சு. மிச்சம் எங்கடின்னா, சார்தான் இது ஒன்னு குடுத்தாருங்குறா. ஹெட்மாஸ்டரு ஏம் மூஞ்சியப் பாத்தாரு. நான் இல்லன்னு தலையாட்டுனேன். மிச்சத்தக் கெணத்துல எறிஞ்சிருப்பா, கல்லுக்காரப் புள்ளைக்கு வேற என்ன புத்தி வரும்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. பேர வெட்டிருவோம்னாரு. நாந்தான் வேணவே வேணாம்னு கையப் புடிச்சேன். வெள்ளிக்கெழமை அவ வந்தாகணும்ல.

சாயங்காலம் அவ வீட்டுக்கும் நாந்தான் போனேன். போலீசு அது இதுன்னு போகாம பக்குவமாச் சொல்லுவோம்னு. இருளாண்டி நல்ல மனுசன். எனக்குக் கயித்துக் கட்டலத் தட்டிப் போட்டாரு, தண்ணி குடுத்தாரு. விசயத்தச் சொன்னேன். மகளக் கூப்பிட்டு முன்னால நிறுத்துனாரு. பெறகு, எங்க வம்சத்துல அடுத்தவன் பொருளத் தொட்டது யாரும் இல்ல சாமின்னாரு. எந்திரிச்சுப் போயி கல்லொடைக்கிற உளி ஒன்ன எடுத்து அடுப்புல சொருகுனாரு.

அவ ஆத்தா செவந்தி, ஏங் காலுல வந்து விழுந்துருச்சு. நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுங்க சாமி, நீங்க சொன்னாக் கேப்பாருன்னு அழுகுது. நான் என்னத்தச் சொல்ல? ஒரு குடும்பத்துக்குள்ள, புள்ளையக் கண்டிக்கிற எடத்துல, வெளியாளு நாம எப்புடி நொழையிறது? நீங்களே சொல்லுங்க.

அப்பறம் அவரு ஏம் பக்கம் திரும்பி, எந்தக் கையால எடுத்தா சாமின்னு கேட்டாரு.

இடக்கைன்னேன்.

அது எரக்கத்துல சொன்னதுண்ணே. வலக்கையில சூடு வச்சா புள்ள சோத்த எப்புடிப் பெசையும்? அந்த மனுசனுக்கே மூஞ்சி தெளிஞ்சிருச்சு. நல்ல வேளை சாமி, பொழைக்கிற கை தப்பிச்சுச்சுன்னு என்னையக் கையெடுத்துக் கும்புட்டாரு.

கத்துனா. ஒரு வாட்டிதான். அதுக்கு முன்னாடி ஒரு தடவ, சார் சொல்லுங்க சார்னா. பெறகு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா.

வெள்ளிக்கெழமை வந்தா. கையில என்னமோ எலைய அரைச்சுக் கட்டி, மேல துணி சுத்தியிருந்துச்சு. சூப்ரவைசர் கூப்பிட்டு சாக்பீசக் குடுத்தாரு. வலக்கையில வாங்குனா. ஒரு கோடு இழுத்தா, அது கோணிக்கிட்டுக் கீழ எறங்குது. சாக்பீசு ஒடைஞ்சிருச்சு. அப்புடியே நின்னா. கையில என்ன கட்டுன்னு கேட்டாரு, திருட்டுப் புள்ள சார்னு ஹெட்மாஸ்டரு சொன்னாரு. ஓகோன்னுட்டு அவரு நோட்டுல என்னமோ எழுதிக்கிட்டாரு. போயி உக்காருன்னாரு. மொத வரிசையிலயே உக்காந்தா.

பெறகு நான். ஒம்பது நாளும் விடிஞ்சா அடைஞ்சா இந்த ஆடுதான். கொம்புலேருந்து ஆரம்பிச்சேன். மூஞ்சி வந்துச்சு, முதுகு வந்துச்சு. பின்னங்காலுல மறந்து போச்சு. சாக்பீசு அங்கயே நிக்குது. வேர்த்து ஊத்துது. முதுகுக்குப் பின்னாடி சூப்ரவைசர் பேனாவ மூடுற சத்தம் கேக்குது.

அப்ப மொத வரிசையிலேருந்து, மூச்சு மாதிரி, சார், முட்டி பின்னாடி மடங்கும்னு ஒரு கொரலு.

அவதாண்ணே! கட்டுப் போட்ட கைய மடியில வச்சுக்கிட்டு எனக்குச் சொல்றா. மடக்குனேன். ஆடு நின்னுருச்சு. பாஸு.

அவளா? அதோட வரல. பேர வெட்டணும்னே இல்ல. கல்லு சொமக்கப் போறதாக் கேள்வி. வெரலு ரெண்டு ஒட்டிக்கிச்சாம். சின்ன வயசு, சரியாப் போயிரும்.

என்ன பாப்பா? ஆட்டுக்குப் புல்லு வேணுமா? அட ஆமா, ஆடு பட்டினியாவா நிக்கும்! இரு, கலருலயே போடுவோம். அண்ணே, காலக் கொஞ்சம் தூக்குங்க, பை அடியில இருக்கு. வேட்டிக்குக் கீழ வச்சிருக்கேன். இந்தா டப்பா. செவப்பு, நீலம், மஞ்சள், ஊதா... தொட்டுப் பாரு. எது வேணும்? பச்சையா? பச்சை மட்டும் இல்லையே பாப்பா. பச்சைய நாந்தான் அந்தப் புள்ளைக்குக் குடுத்துட்டேன், கிளிக்கு றெக்கை நல்லாப் போட்டான்னு. மஞ்சள்ல போடுவோமா? காஞ்ச புல்லு.

என்னண்ணே? ஆமா, அதே டப்பாதான். அது எங்கிட்டுப் போகும்? எப்பவும் பைக்குள்ளதான் கெடந்துச்சு.

ஏன், பாப்பாவ எதுக்கு அங்கிட்டு மாத்துறீங்க? காத்தா? சன்னல் சாத்தித்தானண்ணே இருக்கு. எந்திரிச்சு முன்னாடி போறீங்களா? சரி சரி, போங்க. பஸ் ஆடுது, பாத்து, கம்பியப் புடிச்சுக்கங்க. திங்கக்கெழமை கிளாசுல பாக்கத்தான போறோம்.

பாப்பா, இங்க பாரு. நீ எந்தக் கையால எழுதுவ? எங்க, சாருக்குக் காட்டு.