தம்பி பிடித்த ஊர்கள்

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் காதில் விழுந்ததை மட்டும் சொல்கிறேன். முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் இருந்தார்கள். மறுநாள் தம்பிக்கு இதய ஆபரேஷன் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. அவள் மடியில் ஸ்கேன் கவர், அவன் கையில் போன்.

"நான் பிடிச்ச ஊருல எல்லாம் ஜனம் பட்டினியில செத்துக்கினு இருக்குதுக்கா. நாளைக்கு நீதான் பாத்துக்கணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"கேம்லதானடா?"

"கேம்லதான். நம்ம ஊரு நெல்ல அங்க அனுப்பு. வரிய மட்டும் ஏத்தாத, கலகம் பண்ணுவாங்க."

"துன்ன சோறு போட முடியாதவன் எதுக்குடா அத்தினி ஊர பிடிச்ச?"

"பிடிக்கிறது சுளுவா இருந்துச்சு. அப்புறம்தான் தெரியுது."

"அப்பவும் நெல்லு பத்தலன்னா?"

"சிப்பாயிங்களுக்குக் கொறச்சிடு. ஜனத்துக்குக் குடு."

"எனக்கு இதெல்லாம் வராதுடா. நீயே எழுந்து வந்து பாத்துக்கோ."

"பர்லேதுக்கா, பரவால்ல, கத்துக்கலாம். நான் எழுந்து வரலன்னா?"

அவன் தலையில் ஓங்கிக் குட்டினாள். "வாய கழுவுடா."

பிறகு அவளே போனை வாங்கினாள்.

"எத அமுத்தணும், காட்டு."

மறுநாள் திருப்பதியில் என் நாத்தனாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வாசலில் அந்த அக்கா நின்றிருந்தாள். தம்பியின் உடலைத் தங்கள் ஊரான பாலசமுத்திரத்துக்குக் கொண்டுபோக வண்டி பேசிக்கொண்டிருந்தாள்.